கடலரிப்பையும் மணல் படிவையும் ஃபஸ்ஸி லாஜிக் கொண்டு வரைபடமாக்குதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஓர் இடத்தில் கரை ஆண்டுக்கு 1.9 மீட்டர் உள்வாங்குகிறது. 50 மீட்டர் தள்ளி 2.1 மீட்டர். அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறை 1999இல் அட்லாண்டிக் கரைக்குத் தயாரித்த பாதிப்புக் குறியீட்டில் 2 மீட்டர் என்பது வகுப்பு எல்லை. அதன்படி முதல் இடம் 'அதிகம்', இரண்டாவது இடம் 'மிக அதிகம்'. வரைபடத்தில் இரண்டுக்கும் வேறு வேறு நிறம். ஆனால் அந்த 1.9, 2.1 என்ற எண்களை எடுத்த செயற்கைக்கோள் படங்களின் பிழையே ஆண்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும். இல்லாத வேறுபாட்டுக்கு நிறம் பூசியதுதான் மிச்சம்.

இந்தச் சிக்கலுக்குத்தான் ஃபஸ்ஸி லாஜிக் உதவுகிறது. 1965இல் லோட்ஃபி ஸாதே முன்வைத்த யோசனை எளிமையானது. ஓர் எண் ஒரு வகையில் 'சேர்த்தி', 'சேர்த்தி இல்லை' என்று இரண்டே பதில் சொல்லாமல், எவ்வளவு சேர்த்தி என்று 0 முதல் 1 வரை சொல்லலாம். பாடநூல்கள் இதை உறுப்பாண்மை என்கின்றன. இங்கே 'சேர்த்தி அளவு' என்றே வைத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஃபஸ்ஸி என்பது மோசமான தரவைக் கழுவித் தரும் சலவைப் பொருள் அல்ல. அளவீட்டுப் பிழையை முதலில் எண்ணாகக் கணக்கிட வேண்டும். 'அரிப்பு', 'நிலை' போன்ற வகைகளுக்கு நடுவே சேர்த்தி அளவு 1இலிருந்து 0க்கு இறங்கும் சரிவை எவ்வளவு அகலமாக வைப்பது என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும். சரிவுகளை மென்பொருள் தரும் இயல்பு மதிப்புகளில் விட்டுவிடுவது இந்தத் துறையில் பரவலான தவறு.

தேவையானவை

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், ஒரு விரிதாள், லேண்ட்சாட் அல்லது சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், ஓத அளவுகள் (கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்கும் அளவு), அலைத் தரவு. இவ்வளவு போதும். விலைகொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் எதுவும் தடைப்படாது. கரைக்கோட்டு மாற்றத்தைக் கணக்கிட அதே அமெரிக்கத் துறை இலவசமாகத் தரும் டிஎஸ்ஏஎஸ் என்ற கருவி உண்டு. நூற்றுக்கணக்கான படங்களைத் தானாகக் கையாள கோஸ்ட்சாட் என்ற திறமூலத் தொகுப்பும் உண்டு. ஆனாலும் முதல் தடவை கையாலேயே செய்து பாருங்கள். எந்தப் படியில் எவ்வளவு பிழை நுழைகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

திட்டத்தைத் திறந்தவுடன் ஆள்கூற்று முறையை மீட்டர் அலகு கொண்டதாக, அந்தப் பகுதிக்குரிய யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலமாக மாற்றிவிடுங்கள். பாகையில் விட்டுவிட்டு, படி 4இல் குறுக்குக்கோடுகளுக்கு இடைவெளி '50' என்று கொடுத்தால் மென்பொருள் அதை 50 பாகை என எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு கோடு வரும், அல்லது எதுவுமே வராது.

படி 1: படம் தேர்வு

லேண்ட்சாட் 5 (1984 முதல்; இப்போது இயங்கவில்லை), 8 (2013 முதல்), 9 (2021 முதல்) ஆகியவை 30 மீட்டர் பிக்சல் தருகின்றன. சென்டினல்-2 (2015 முதல்) கண்ணுக்குத் தெரியும் நிறங்களிலும் அண்மை அகச்சிவப்பிலும் 10 மீட்டரும், குறுஅலை அகச்சிவப்பில் 20 மீட்டரும் தருகிறது. லேண்ட்சாட் 7இன் ஸ்கேன் திருத்தி 2003 மே இறுதியில் பழுதானது. அதற்குப் பிந்தைய அதன் படங்களில் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். அவற்றின் வழியே கரைக்கோடு இழுக்காதீர்கள்.

எல்லாப் படங்களும் ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். பெரிய அலைகள் வரும் மாதங்களில் கடற்கரை மணல் கடலுக்குள் போய்த் திட்டாகக் கிடக்கும். அமைதியான மாதங்களில் கரைக்குத் திரும்பும். முதல் படம் அமைதிக் காலத்திலும் கடைசிப் படம் புயலுக்குப் பிறகும் எடுத்தது என்றால், பருவ ஊசலாட்டமே அரிப்பாகப் பதிவாகிவிடும்.

இரண்டு படங்கள் போதாது. பத்துக்குக் குறையாமல் எடுங்கள்.

படி 2: நீரையும் நிலத்தையும் பிரித்தல்

சூ என்பவர் 2006இல் தந்த திருத்திய நீர்க் குறியீடு கரைக்குப் பொருத்தமானது:

குறியீடு = (பச்சை − குறுஅலை அகச்சிவப்பு) ÷ (பச்சை + குறுஅலை அகச்சிவப்பு)

சென்டினல்-2இல் பேண்ட் (படத்தின் அலைநீளப் பட்டை) 3, 11. லேண்ட்சாட் 8, 9இல் பேண்ட் 3, 6. லேண்ட்சாட் 5இல் பேண்ட் 2, 5. பழைய நீர்க் குறியீடு (1996) அண்மை அகச்சிவப்பைப் பயன்படுத்துகிறது. கலங்கல் நீரும் அலை நுரையும் அந்த அலைநீளத்தில் பளிச்சென்று தெரிவதால், கரையோரத்தில் அது தடுமாறும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2, லெவல் 2 கோப்பில் இருக்கும் எண் நேரடிப் பிரதிபலிப்பு அல்ல. அதை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். விகிதம்தானே எடுக்கிறோம், மாற்றாவிட்டால் என்ன என்று தோன்றும். ஒரு நீர்ப் பிக்சலை எடுத்துக்கொள்வோம்: பச்சையில் 9000, குறுஅலையில் 7500. மாற்றாமல் போட்டால் 1500 ÷ 16500 = 0.09. மாற்றினால் பச்சை 0.0475, குறுஅலை 0.00625, குறியீடு 0.77. முதல் எண்ணைப் பார்த்தால் நீரா நிலமா என்றே சொல்ல முடியாது. பெருக்கல் மட்டும் என்றால் விகிதம் மாறாது. கழித்தல் இருப்பதால்தான் இந்த வேறுபாடு.

சென்டினல்-2இலும் இதே கதைதான். 2022 ஜனவரி 25 முதல் வந்த செயலாக்கப் பதிப்பு 04.00இல் எண்களோடு 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் 10000ஆல் வகுக்க வேண்டும். பழைய படங்களும் பிறகு மறுசெயலாக்கம் செய்யப்பட்டிருப்பதால் தேதியை நம்ப வேண்டாம்; படத்தோடு வரும் விவரக் கோப்பில் (மெட்டாடேட்டா) பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

அடுத்து எல்லை மதிப்பு. ஓட்சு முறை தானாகவே ஓர் எல்லையைக் கண்டுபிடித்துத் தரும். ஆனால் நீரும் நிலமும் ஏறக்குறைய சம அளவில் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். முழுப் படத்தையும் கொடுக்காமல், தோராயக் கரைக்கோட்டின் இருபுறமும் 500 மீட்டர் வெட்டியெடுத்துக் கொடுங்கள். கிடைத்த எல்லையைக் கண்ணாலும் சரிபாருங்கள். ஈர மணல் நீர்போலத் தோன்றுவதால், சில படங்களில் கோடு நிலப்பக்கம் ஏறிப் போயிருக்கும்.

கோடாக மாற்றும்போது பிக்சல்களைப் பாலிகனாக்கி விளிம்பை எடுத்தால் படிக்கட்டு போன்ற கோடு வரும். அதற்குப் பதில் குறியீட்டு ராஸ்டரின் (பிக்சல் கட்டங்களாலான படம்) மேல் எல்லை மதிப்பில் ஒரு சமமதிப்புக் கோடு வரையுங்கள். உயரக் கோடு வரைய உதவும் அதே கருவிதான். அது பிக்சல்களுக்கு நடுவே இடைமதிப்புக் கண்டு ஓடுவதால், பிக்சல் அளவைவிட நுணுக்கமான கரைக்கோடு கிடைக்கும். குளம், உப்பங்கழி, உப்பளப் பாத்திகளைச் சுற்றி வரும் சிறு வளையங்களை நீக்குங்கள். முகத்துவாரங்களில் கோட்டை வெட்டி இடைவெளி விடுங்கள். வாய் திறப்பதும் மூடுவதும் கரை மாற்றம் அல்ல.

படி 3: ஓதத் திருத்தம்

படத்தில் தெரிவது அந்த நிமிடத்தின் நீர்விளிம்பு. செயற்கைக்கோள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் கடக்கிறது. ஓதம் நிலவின் கணக்கில் நடப்பதால் அந்த நேரத்தில் நீர்மட்டம் நாளுக்கு நாள் வேறு. திருத்தம் இதோ:

கிடைமட்ட நகர்வு = நீர்மட்ட வேறுபாடு ÷ கடற்கரைச் சரிவு

சரிவு 40க்கு 1, அதாவது 0.025 என்று கொள்வோம். இரண்டு படங்களுக்கு இடையே நீர்மட்டம் 0.6 மீட்டர் வேறுபட்டால் நீர்விளிம்பு 24 மீட்டர் நகரும். படங்களுக்கு நடுவே 20 ஆண்டு இடைவெளி என்றால், ஒரு மணல் துகள்கூட நகராமலே ஆண்டுக்கு 1.2 மீட்டர் 'அரிப்பு' கிடைத்துவிடும். சரிவு குறைந்த தட்டையான கரையில் நிலைமை இன்னும் மோசம்.

சரிவை நேரில் அளந்த குறுக்குவெட்டுகளிலிருந்து எடுப்பதே நல்லது. உலகளாவிய உயர மாதிரிகளை இதற்கு நம்ப முடியாது. செங்குத்துப் பிழையே சில மீட்டர் இருக்கும் கோப்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரமுள்ள கடற்கரையின் சரிவை எப்படி எடுப்பது?

இப்போது பிழைகளைச் சேர்ப்போம். கோடு இழுத்ததில் 10 மீட்டர், படப் பொருத்தத்தில் 5 மீட்டர், ஓதத் திருத்தத்துக்குப் பின் எஞ்சியது 10 மீட்டர் என்றால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க: √(100 + 25 + 100) = 15 மீட்டர். இத்தகைய இரண்டு கோடுகளுக்கு இடையே 20 ஆண்டு என்றால் வீதத்தின் பிழை √(15² + 15²) ÷ 20, அதாவது ஆண்டுக்கு சுமார் 1.06 மீட்டர். இந்த எண்ணை எழுதி வையுங்கள். படி 6இல் இதுதான் முதலாளி.

படி 4: குறுக்குக்கோடுகளும் வீதமும்

கரைக்கு இணையாக நிலப்பக்கம் ஓர் அடிக்கோடு வரையுங்கள். அதற்குச் செங்குத்தாகக் கடல்பக்கம் போகும் குறுக்குக்கோடுகளின் மேல்தான் கரை மாற்றத்தை அளக்கப் போகிறோம். கரையின் சின்னச் சின்ன நெளிவுகளைப் பின்பற்றாமல் இழுத்துவிட்டாற்போல் சீராக இருக்கட்டும். நெளிந்தால் வளைவுகளில் குறுக்குக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். க்யூஜிஐஎஸ்ஸின் குறுக்குக்கோட்டுக் கருவி, கோட்டின் ஒவ்வொரு முனைப்புள்ளியிலும் ஒன்று வரையும். அதனால் முதலில் 50 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை இணைத்துப் புதுக் கோடு உண்டாக்கி, அதை உள்ளீடாகக் கொடுங்கள். இருக்கும் கோட்டில் நடுவே புள்ளி செருகும் கருவியைப் பயன்படுத்தினால் பழைய முனைகளும் தங்கிவிடும், இடைவெளி தாறுமாறாகும்.

ஒவ்வொரு குறுக்குக்கோடும் எல்லா ஆண்டுக் கரைக்கோடுகளையும் வெட்டும் நீளம் இருக்க வேண்டும். வெட்டுப் புள்ளிகளுக்கு அடிக்கோட்டிலிருந்து தூரம் கண்டு, விரிதாளில் ஆண்டுக்கு எதிராகத் தூரத்தை வைத்து நேர்கோடு பொருத்துங்கள். அதன் சரிவுதான் வீதம். முதல், கடைசிப் படங்களை மட்டும் கழித்து வகுப்பதைவிட இது நம்பகமானது. ஒரு மோசமான படம் முழுக் கணக்கையும் கெடுக்காது. தேதியை வெறும் ஆண்டாக இல்லாமல் தசம ஆண்டாகக் கொடுங்கள்.

மணல் நாக்கு நீண்டிருக்கும் இடத்தில் ஒரே குறுக்குக்கோடு ஒரே கரைக்கோட்டை மூன்று தடவை வெட்டும். கடலுக்கு அருகில் உள்ள புள்ளியையே எல்லா ஆண்டுகளுக்கும் எடுங்கள். குறியையும் சோதியுங்கள். அடிக்கோடு நிலப்பக்கம் இருந்தால் தூரம் கூடுவது படிவு. கடல்பக்கம் வைத்திருந்தால் அதுவே அரிப்பு. துறைமுக அலைத்தடுப்புச் சுவரின் எந்தப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது என்பது படத்திலேயே தெரியும். உங்கள் வீதம் அங்கே நேர்க்குறியாக வருகிறதா என்று பார்த்தால் போதும்.

படி 5: மணல் வரவுசெலவு

அலை பெரியது, ஆகவே அரிப்பு அதிகம் என்று மாதிரி அமைப்பவர்கள் ஏராளம். அது பாதிதான் உண்மை. கரையோரமாக எவ்வளவு மணல் ஓடினாலும், ஓரிடத்துக்கு வருவதும் அங்கிருந்து போவதும் சமமாக இருந்தால் கரை நகராது. வருவதைவிடப் போவது அதிகமானால் அரிப்பு, குறைந்தால் படிவு. தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் மேடாவதும் மறுபக்கம் கரை குடையப்படுவதும் இதனால்தான்.

கரையோர மணல் ஓட்டம், உடையும் அலையின் உயரத்தின் 2.5 அடுக்குக்கும், அலை கரையோடு செய்யும் கோணத்தின் இருமடங்கின் சைனுக்கும் விகிதமாக இருக்கும். ஒவ்வொரு குறுக்குக்கோட்டிலும் இதைக் கணக்கிட்டு, அடுத்ததற்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஓட்டத்தின் திசையில் நடக்கும்போது மதிப்பு கூடினால் அங்கே மணல் இழப்பு. எல்லாவற்றையும் −1 முதல் +1 வரைக்கும் சுருக்குங்கள்: அளவுகளின் 95ஆம் சதமானத்தால் (நூற்றில் 95 மதிப்புகள் அடங்கும் எல்லை) வகுத்து, மிஞ்சியதை வெட்டிவிடலாம். ஓட்டம் கூடுவது இழப்பு என்பதால் குறியைத் திருப்பிக்கொள்ளுங்கள்: எதிர்க்குறி இழப்பு, நேர்க்குறி வரவு.

இதில் கவனிக்க வேண்டியவை:

- அலைத் திசையைச் சாதாரண சராசரி எடுக்காதீர்கள். 10 பாகைக்கும் 350 பாகைக்கும் சராசரி 180 என்று வரும். உண்மையில் இரண்டும் வடக்கை ஒட்டியவை. ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக ஓட்டத்தைக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டுங்கள்.
- ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவில் (பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்துத் தயாரித்தது) அலைக் கட்டம் அரைப் பாகை. சில கிலோமீட்டர் கரை முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அங்கே மாறுவது கோணம் மட்டுமே.
- அந்தத் தரவு ஆழ்கடல் அலைக்குரியது. கரையை நெருங்கும்போது அலை திரும்பிக் கோணம் சுருங்கும். ஸ்னெல் விதிப்படி உடையும் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே சூத்திரத்தில் போடுங்கள்.
- கரையின் கோணத்தை 50 மீட்டர் துண்டிலிருந்து எடுத்தால் வெறும் இரைச்சல்தான் வரும். 500 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை சராசரியாக்குங்கள்.

மாதிரிக்கு முதல் இரண்டு உள்ளீடுகள் வீதமும் இந்த வரவுசெலவும். மூன்றாவது உள்ளீடு கரையின் உறுதி. 0 முதல் 10 வரை மதிப்பெண்: தளர்ந்த மணல் 1, 2; தாவரம் பிடித்த மணல்மேடு 4; கெட்டிக் களிமண் 6; பாறை 9, 10. இது நிபுணர் மதிப்பீடுதான். கல் கொட்டிய தடுப்புச் சுவரை மட்டும் இந்த அளவுகோலில் ஏற்றாதீர்கள். சுவர் இருக்கும் இடத்தில் கரைக்கோடு நகராது. வீதம் பூச்சியம் என்று வரும். ஆனால் சுவருக்கு முன்னிருந்த கடற்கரையே காணாமல் போயிருக்கலாம். அந்தக் குறுக்குக்கோடுகளைத் தனியாகக் குறித்துக் கணக்கிலிருந்து விலக்குங்கள்.

படி 6: சேர்த்திச் சார்புகள்

வீதத்துக்கு மூன்று வகை: அரிப்பு, நிலை, படிவு. நம் பிழை ஆண்டுக்கு 1.06 மீட்டர். அதைவிடக் குறுகிய சரிவு வைத்தால், பிழையே ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு முழுதாகத் தூக்கிப் போட்டுவிடும். எனவே சரிவின் அகலம் 1.5 மீட்டர் என வைப்போம்.

- அரிப்பு: −2க்குக் கீழே 1, −0.5இல் 0.
- நிலை: −0.5 முதல் +0.5 வரை 1. இருபுறமும் இறங்கி −2, +2 இரண்டிலும் 0.
- படிவு: +0.5இல் 0, +2க்கு மேல் 1.

வரவுசெலவுக்கு: இழப்பு −0.6க்குக் கீழே 1, −0.1இல் 0, சமன் −0.1 முதல் +0.1 வரை 1, ±0.6இல் 0, வரவு இழப்பின் கண்ணாடிப் பிம்பம். உறுதிக்கு இரண்டே வகை: தளர்வு 3 வரை 1, 7இல் 0; மீதி உறுதி.

எந்த எண்ணுக்கும் சேர்த்தி அளவுகளின் கூட்டல் 1 ஆகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் நடுவே ஓட்டை இருக்கிறது, அல்லது தேவைக்கு மேல் மேற்பொருந்துகிறது.

க்யூஜிஐஎஸ் புலக் கணிப்பானில் ஸ்கேல்_லீனியர் சார்பு இந்தச் சரிவுகளை ஒரே வரியில் தரும்: வீதம், −2, −0.5, 1, 0 என்று கொடுத்தால் அரிப்பின் சேர்த்தி அளவு. எல்லைக்கு வெளியே போனால் அதுவே 1இலும் 0விலும் நிறுத்திக்கொள்ளும். ராஸ்டரில் செய்பவர்களுக்குச் செயலாக்கப் பெட்டியில் நேர்கோடு, காஸியன், சிறியது, பெரியது, அண்மை, அடுக்கு என்று ஆறு ஃபஸ்ஸியாக்கும் கருவிகள் உண்டு. காஸியன் பார்க்க அழகு. ஆனால் பிழை எண்ணை நேராக அகலமாக வைக்க நேர்கோடே வசதி.

படி 7: விதிகள்

மூன்று, மூன்று, இரண்டு வகைகள் சேர்ந்தால் 18 சேர்க்கைகள். பலவற்றை இணைக்கலாம். இந்தப் பதினொன்று போதும்:

1. அரிப்பு, இழப்பு, தளர்வு → கடும் அரிப்பு
2. அரிப்பு, சமன், தளர்வு → மித அரிப்பு
3. அரிப்பு, (இழப்பு அல்லது சமன்), உறுதி → மித அரிப்பு
4. அரிப்பு, வரவு → நிலை
5. நிலை, இழப்பு, தளர்வு → மித அரிப்பு
6. நிலை, இழப்பு, உறுதி → நிலை
7. நிலை, சமன் → நிலை
8. நிலை, வரவு → மிதப் படிவு
9. படிவு, இழப்பு → நிலை
10. படிவு, சமன் → மிதப் படிவு
11. படிவு, வரவு → மிகு படிவு

மூன்றாவது விதியில் அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வரவு உள்ள இடத்தில் தளர்ந்த கரை 'நிலை' என்றும், உறுதியான கரை 'மித அரிப்பு' என்றும் வரும். பாறை மணலைவிட வேகமாகக் கரைகிறது என்று மாதிரி சொல்லும்! இப்படிப்பட்ட முரண் விதிகளைப் படித்தால் தெரியாது. 18 சேர்க்கைகளையும் அட்டவணை போட்டு நிரப்பிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். நான்காவது உள்ளீடாக மூன்று வகை கொண்ட ஒன்றைச் சேர்த்தால் அட்டவணை 54 ஆகிவிடும். அதனால்தான் மூன்றோடு நிறுத்தியிருக்கிறோம்.

ஒரு குறுக்குக்கோட்டைக் கையால் போட்டுப் பார்ப்போம். வீதம் −1.4, வரவுசெலவு −0.25, உறுதி 4.

வீதம்: அரிப்பு 0.9 ÷ 1.5 = 0.6, நிலை 0.4. வரவுசெலவு: இழப்பு 0.15 ÷ 0.5 = 0.3, சமன் 0.7. உறுதி: தளர்வு 0.75, உறுதி 0.25.

'மற்றும்' என்பதற்குக் குறைந்தபட்சம், 'அல்லது' என்பதற்கு அதிகபட்சம். விதி 1: 0.6, 0.3, 0.75 இவற்றில் சிறியது 0.3. விதி 2: 0.6. விதி 3: 0.25. விதி 5: 0.3. விதி 6: 0.25. விதி 7: 0.4. மற்றவை 0. ஒரே முடிவு தரும் விதிகளில் பெரியதை எடுக்க: கடும் அரிப்பு 0.3, மித அரிப்பு 0.6, நிலை 0.4.

கடைசியாக ஒற்றை எண். ஐந்து முடிவுகளுக்கும் −1, −0.5, 0, +0.5, +1 என்று மதிப்புக் கொடுத்து எடையிட்ட சராசரி எடுங்கள்: (0.3 × −1 + 0.6 × −0.5 + 0.4 × 0) ÷ 1.3 = −0.46. மிதமான அரிப்பு.

இது சுகேனோ வகைக் கணக்கு. மம்தானி முறையில் முடிவுகளும் முக்கோண வடிவங்களாக இருக்கும். பரப்பின் மையப்புள்ளி விடையாகும். பாடங்களில் அதுதான் முதலில் வரும். ஆனால் மையப்புள்ளி ஒருபோதும் ஓரத்தைத் தொடாது. எல்லா விதிகளும் ஒரே குரலில் 'கடும் அரிப்பு' என்றாலும் விடை −0.8க்குப் பக்கத்தில் நின்றுவிடும். வரைபடத்தில் அடர்நிறமே வராததைப் பார்த்து எங்கே தவறு என்று தேடுவீர்கள். முதல் மாதிரிக்குச் சுகேனோவே போதும், விரிதாளிலேயே முடிந்துவிடும். பைத்தானில் ஸ்கைகிட்-ஃபஸ்ஸி கொண்டு மம்தானி செய்பவர்களுக்கு 'மொத்தப் பரப்பு பூச்சியம்' என்ற பிழை வந்தால், அந்தக் குறுக்குக்கோட்டில் ஒரு விதியும் இயங்கவில்லை என்று பொருள். விதி அட்டவணையில் ஓட்டை இருக்கிறது.

இன்னொரு ஓசையில்லாத் தவறு: குறைந்தபட்சம் காணும் சார்பு, விரிதாளிலும் சரி க்யூஜிஐஎஸ்ஸிலும் சரி, காலிக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு மீதியில் சிறியதைத் தரும். அலைத் தரவு இல்லாத குறுக்குக்கோடும் நல்ல பிள்ளையாக ஒரு விடையோடு வந்து நிற்கும். காலி மதிப்புள்ளவற்றை முன்கூட்டியே வடிகட்டுங்கள்.

ராஸ்டர் வழியில் காமா

விதிகள் எழுதாமல், சேர்த்தி அளவு ராஸ்டர்களை ஒன்றாக்கும் ஃபஸ்ஸி ஓவர்லே கருவியில் காமா முறையைப் பயன்படுத்துவது ஆர்க்ஜிஐஎஸ் வட்டாரத்தில் வழக்கம். மேலே உள்ள 0.6, 0.3, 0.75 மூன்றையும் எடுங்கள். பெருக்கல் 0.135, ஃபஸ்ஸி கூட்டல் 1 − (0.4 × 0.7 × 0.25) = 0.93. காமா 0.9 என்றால் 0.93இன் 0.9 அடுக்கையும் 0.135இன் 0.1 அடுக்கையும் பெருக்க 0.77. காமா 0.5 என்றால் 0.35. அதே இடம், அதே தரவு. ஒன்றில் ஆபத்து, மற்றதில் அமைதி. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் இயல்பு மதிப்பு 0.9. அதை மாற்றாமல் விட்டால், மாற்றாததற்குக் காரணமாவது எழுதுங்கள். காமா ஒரு பக்கம்தான் பார்க்கும் என்பதால் அரிப்புக்கும் படிவுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

படி 8: சரிபார்த்தல்

பழைய வீதத்தை உள்ளீடாகக் கொடுத்து, வந்த விடையை அதே வீதத்தோடு ஒப்பிட்டு 'மாதிரி அருமை' என்பது தன் நிழலைத் தானே அளப்பது. கடைசி ஏழெட்டு ஆண்டுப் படங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். முந்தைய ஆண்டுகளால் மாதிரியை ஓட்டி, ஒதுக்கிய ஆண்டுகளின் உண்மை மாற்றத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி குறைந்ததால் இந்தச் சோதனைக் காலத்தின் வீதப் பிழை பெரிதாக இருக்கும். அதையும் கணக்கிட்டு எழுதுங்கள்.

மொத்தச் சரி விழுக்காடு ஏமாற்றும். 400 குறுக்குக்கோடுகளில் 300 நிலையானவை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாமே 'நிலை' என்று சொன்னாலும் 75 விழுக்காடு சரி. உண்மையில் அரித்த கோடுகளில் எத்தனையைப் பிடித்தீர்கள், அரிப்பு என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை என்று தனித்தனியாகப் பாருங்கள். 50 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு கோடுகள் ஒரே கதையைத்தான் சொல்லும் என்பதால், விதிகளைச் செதுக்க ஒரு கரைத்துண்டும் சோதிக்க இன்னொரு துண்டும் வையுங்கள்.

பழைய வீதத்தை மட்டும் அப்படியே நீட்டி, 'போன காலத்தில் அரித்தது, இனியும் அரிக்கும்' என்று ஒரு கணக்குப் போடுங்கள். ஃபஸ்ஸி மாதிரி அதைத் தோற்கடிக்கிறதா? இல்லையென்றால் அலையும் உறுதியும் எதையும் சேர்க்கவில்லை. பெரும்பாலும் படி 5இன் கோணத்தில்தான் தவறு இருக்கும்.

பிறகு சேர்த்திச் சார்புகளின் திருப்பப் புள்ளிகள் (−2, −0.5 போன்றவை) எல்லாவற்றையும் 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் மறுபடி ஓட்டுங்கள். எந்தக் குறுக்குக்கோடுகள் வகுப்பு மாறுகின்றன என்று ஒரு புலத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: வரைபடம்

விடையைக் கரைக்கோட்டின் மேல் தடித்த கோடாகக் காட்டுங்கள். நிலத்துக்குள் பட்டையாக நிறம் பூசினால், அளக்காத இடத்துக்கும் ஆபத்து இருப்பதாகத் தோன்றும். நடுவில் வெளிறி இருபுறமும் அடர்வது போன்ற நிறவரிசை எடுங்கள்: அரிப்புக்குப் பழுப்பு, படிவுக்கு நீலம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். வீதத்தின் காலம், ஓதத் திருத்தம் செய்த மட்டம், பிழை அளவு ஆகியவற்றை வரைபட ஓரத்தில் எழுதுங்கள். படி 8இல் வகுப்பு மாறிய கோடுகளை விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடாகவும், சுவர் உள்ள இடங்களைச் சாம்பல் நிறத்திலும் காட்டுங்கள். புள்ளிக்கோடு நீளமாக வருகிறதே என்று அதை மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள்; அடுத்த தடவை கடற்கரைச் சரிவை அளக்க எங்கே இறங்க வேண்டும் என்று காட்டுவது அந்தக் கோடுதான்.